சுவர் முழுவதும் கண்ணாடி, ஆனால் பகல் வெளிச்சம் இல்லை

தென்றல்:
சென்னை பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள ஓர் அலுவலகத்தில், ஆறாவது மாடியில் வேலை செய்கிறேன். எங்கள் தளத்தின் மேற்குச் சுவர் முழுவதும் கருநீலக் கண்ணாடி. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வெயில் கணினித் திரையில் விழுந்து கண் கூசுவதால் யாராவது ஜன்னல் மறைப்பான பிளைண்டை இறக்கிவிடுகிறார். பிறகு அதை ஏற்றுவார் இல்லை, மறுநாள் காலையிலும் அப்படியே கிடக்கிறது. நாள் முழுவதும் எல்.இ.டி. விளக்கில்தான் வேலை. மாலையில் தலை கனக்கிறது. இரவில் நெடுநேரம் தூக்கம் பிடிப்பதில்லை. இதற்கும் வெளிச்சத்துக்கும் தொடர்பு உண்டா? உண்டென்றால் நிர்வாகத்திடம் எதைக் கேட்பது?

கருவிழி:
தொடர்பு உண்டு. பார்ப்பதற்கான செல்களைத் தவிர, வெளிச்சத்தின் அளவை மூளைக்குச் சொல்லி உடலின் கடிகாரத்தைத் திருத்தும் செல்களும் விழித்திரையில் இருக்கின்றன; 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளியே அவற்றை மிகுதியாகத் தூண்டுகிறது. மேசையில் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தால் எழுத்து தெளிவாகத் தெரியும். ஆனால் மேகம் மூடிய பகலிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும் என்பதால், படிக்கப் போதுமான அந்த வெளிச்சம் உடல் கடிகாரத்துக்கு அந்திப்பொழுதைப் போன்றதே. அமெரிக்காவில் 2014இல் வெளியான ஆய்வொன்று 49 அலுவலக ஊழியர்களை ஒப்பிட்டது. ஜன்னலுள்ள இடத்தில் வேலை செய்தவர்கள் மற்றவர்களைவிட வேலைநாள் இரவுகளில் சராசரியாக 46 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். சிறிய ஆய்வு என்பதால் ஜன்னல் ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தலைவலிக்கு முதலில் கண் மருத்துவரைப் பாருங்கள்.

செங்கல்:
நான் கட்டட வடிவமைப்பாளன். மேற்கு வெயில் தாழ்வாக வருவதால் ஜன்னலுக்கு மேல் நீட்டிய சன்ஷேடு அதைத் தடுக்காது. வெளிப்புறத்தில் செங்குத்தான தடுப்புகள் வேண்டும். அதைச் செய்யாமல் கருங்கண்ணாடியை மாட்டி, வெப்பத்தோடு வெளிச்சத்தையும் வெளியே நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம். வெப்பத்தைப் பெருமளவு தடுத்து வெளிச்சத்தை விடும் பூச்சுள்ள கண்ணாடிகள் கிடைக்கின்றன. நிறத்தைப் பார்த்து வாங்காமல், இவ்விரண்டுக்கும் தனித்தனியாகக் கொடுத்திருக்கும் எண்களைப் பார்த்து வாங்க வேண்டும்.

இருக்கிற கட்டடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஜன்னலின் மேல்பகுதி வழியே வரும் வெளிச்சம்தான் உள்கூரையில் பட்டு அறைக்குள் அதிக தூரம் செல்கிறது. மேலிருந்து இறங்கும் பிளைண்ட் அதைத்தான் முதலில் மறைக்கிறது. மேல் இரண்டடியைத் தனியாக ஏற்றி இறக்கும்படி பிளைண்டைப் பிரித்து மாட்டக் கேளுங்கள். மேசைகளை வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி திருப்பிப் போட்டால் திரையில் கூச்சம் குறையும். இவற்றுக்கெல்லாம் முன்பாக, மாலையில் தளத்தைக் கூட்டுபவரிடம் எல்லா பிளைண்டையும் ஏற்றிவிட்டுப் போகச் சொல்லுங்கள். மேற்குச் சுவரில் நண்பகல் வரை நேர் வெயில் விழாது. அரை நாள் வெளிச்சம் செலவில்லாமல் கிடைக்கும்.

சாரல்:
எங்கள் அலுவலகத்தில் மேலாளர்களின் அறைகள் ஜன்னலோரம் முழுவதையும் அடைத்திருந்தன. இடம் மாறியபோது அவற்றைக் கண்ணாடித் தடுப்போடு நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து, ஓரத்தில் மற்றவர்களை அமர்த்தினோம். அறையை விட்டுக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. உள்ளே அமர்ந்தபடியே இப்போதும் எனக்கு வெளியிலுள்ள புங்க மரம் தெரிகிறது. இதையும் கேட்டுப் பாருங்கள்.

தென்றல்:
அனைவருக்கும் நன்றி. கூட்டும் அக்காவிடம் இன்று சொல்லப் போனபோதுதான் மூன்று பிளைண்டுகளின் சங்கிலி அறுந்திருப்பதைக் காட்டினார். அவற்றை ஏற்றவே முடியாது. நாளைய கடிதத்தில் முதல் வேண்டுகோள் அதுதான்.