பின்கட்டில் பீட்சாவுக்கு விறகு அடுப்பு கட்டலாமா?

கானாடுகாத்தான் வீட்டுக்காரர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஐயா காலத்து வீட்டின் பின்கட்டில், விசேஷச் சமையலுக்கென்று விட்டிருந்த திறந்தவெளி இப்போது வெறுமனே கிடக்கிறது. அங்கே பீட்சா சுடுவதற்குக் குவிமாடம் வைத்த விறகு அடுப்பு ஒன்றைக் கட்ட விரும்புகிறோம். பழைய செங்கல், கருங்கல் பலகை, மீந்துபோன ஆத்தங்குடித் தரைக்கற்கள், சுண்ணாம்பு, சிமெண்ட் எல்லாம் வீட்டிலேயே இருப்பதால், புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை என்கிறார் கொத்தனார். இவ்வகை அடுப்பு எங்கிருந்து வந்தது, நம் ஊர் பேக்கரி அடுப்பிலிருந்து எப்படி வேறுபடுகிறது, இந்தப் பொருள்கள் சூட்டைத் தாங்குமா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பள்ளத்தூர் வாசகர்:
ஐயா, இந்த அடுப்பு பீட்சாவுக்காகப் பிறந்ததன்று; ரொட்டி சுட்ட அடுப்பில் பீட்சா பிற்காலத்தில்தான் இடம்பிடித்தது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த இத்தாலியின் பொம்பெயி நகரத்தில், செங்கல்லால் எழுப்பிய குவிமாட அடுப்புகளும் மாவு அரைக்கும் எந்திரக்கற்களும் கொண்ட ரொட்டிக்கடைகள் பல அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றின் அடுப்பில் கரிந்துபோன 81 ரொட்டிகள் வைத்தது வைத்தபடியே கிடைத்தன. அதே நகரத்தில் 2023இல் வெளிப்பட்ட சுவரோவியம் ஒன்றில் பீட்சாவைப் போன்ற தட்டை ரொட்டி காணப்பட்டதும் பலர் ஆரவாரம் செய்தார்கள். ஆனால் தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டில்தான். ஆகவே அதை இன்றைய பீட்சா என்று கொள்ள இடமில்லை.

நாம் அறிந்த பீட்சா இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து ஏழை மக்களின் தெருவோர உணவாக வளர்ந்தது. 1889இல் இத்தாலிய அரசி மார்கெரீத்தாவுக்காக ரஃபாயேலே எஸ்போசித்தோ என்பவர் அந்நாட்டுக் கொடியின் மூவண்ணத்தில் பீட்சா செய்தார் என்ற கதையை எல்லோரும் சொல்கிறார்கள். வரலாற்றாசிரியர்கள் சிலர் அதை ஐயுறுகிறார்கள், எனக்கும் அது வாடிக்கையாளரைக் கவரப் பரப்பிய கதையாகவே படுகிறது. அந்நகரத்துப் பீட்சாக் கலைஞர்களின் கைத்திறனை யுனெஸ்கோ 2017இல் பண்பாட்டு மரபாக ஏற்றது என்பது மட்டும் ஐயத்துக்கு அப்பாற்பட்டது.

பேக்கரி அடுப்போடு உள்ள வேறுபாடு சூட்டைப் பயன்படுத்தும் முறையில் இருக்கிறது. ரொட்டி சுடுபவர் உள்ளே விறகை எரித்துத் தணலை வெளியே இழுத்துவிட்டு, செங்கல் வாங்கி வைத்திருக்கும் சூட்டில் வாயை மூடிச் சுடுவார். பீட்சாவுக்கோ நெருப்பு ஓரத்தில் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். தளத்தின் சூடு அடிமாவை வேகவைக்க, கூரையைத் தழுவும் தீயின் வெப்பம் மேலிருந்து இறங்கிப் பாலாடைக்கட்டியை உருக்குகிறது. நேப்பிள்ஸ் பீட்சாவுக்கென்று 1984இல் அமைந்த சங்கத்தின் விதிப்படி, ஏறத்தாழ 430 முதல் 480 பாகை செல்சியஸ் சூட்டில் 60 முதல் 90 நொடிக்குள் அது வெந்துவிட வேண்டும்.

காரைக்குடிப் பொறியாளர்:
மேலே சொன்ன வெப்ப அளவை நினைவில் வைத்துக்கொண்டு உங்கள் பொருள்களைப் பாருங்கள். சிமெண்ட் 400 பாகையைத் தாண்டும்போது தன்னுள் பிணைந்திருக்கும் நீரை இழந்து உதிரத் தொடங்கும். எனவே குவிமாடத்தின் உட்பக்கத்தில் அதை அறவே தவிர்க்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படுவதன்று, சிமெண்டும் மணலும் சேர்த்து வார்த்து நீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவது. ஆகையால் அதுவும் தளத்துக்கு உதவாது. கருங்கல் சூட்டில் சீரற்று விரிந்து சில்லுச் சில்லாகத் தெறிக்கும் என்பதால், பலகையைப் பீடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆத்தங்குடிக் கற்களை வெளித்திண்ணையில் பதித்தால் மாவு தேய்க்க அழகான மேடை கிடைக்கும்.

தளத்துக்கு மட்டுமாவது கடுஞ்சூட்டைத் தாங்கும் செங்கல்லான ஃபயர் பிரிக்ஸ் வாங்கிவிடுங்கள். அதில் சிக்கனம் பார்த்தால் பின்னால் தளத்தையே பெயர்க்க வேண்டிவரும். அவற்றைச் சாந்து வைக்காமல் மெல்லிய மணல் படுகைமேல் நெருக்கி அடுக்கினால், விரிவதற்கு இடம் இருக்கும், உடைந்த ஒன்றை மாற்றுவதும் எளிது. மணலுக்கு அடியில் அரிசி ஆலைகளில் கிடைக்கும் உமிச்சாம்பலைக் களிமண்ணோடு பிசைந்து ஒரு சாண் கனத்துக்கு இடுங்கள். சூடு கீழே கசிவதைத் தடுக்க அதைவிட மலிவான பொருள் நம் பகுதியில் இல்லை. குவிமாடத்துக்கு நன்கு வெந்த பழைய செங்கல்லும் களிமண்ணும் மணலும் கலந்த சேறும் போதும்.

உள்விட்டம் 90 செ.மீ., நடு உயரம் 42 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், வாயின் உயரம் அதில் ஏறத்தாழ 63 விழுக்காடாக, அதாவது 26 அல்லது 27 செ.மீ. இருக்கட்டும். வாய் மிக உயர்ந்தால் சூடு தங்காது; மிகத் தாழ்ந்தால் புகை வெளியேறாது, காற்றும் உள்ளே போகாது. கட்டியவுடன் பெருநெருப்பு மூட்டினால் சேற்றிலுள்ள ஈரம் ஆவியாகிச் சுவரைப் பிளந்துவிடும். நன்கு உலரவிட்டு, முதலில் சுள்ளிகளால் சிறுநெருப்பு இட்டு, நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

தேவகோட்டை ஆச்சி:
தம்பி, அடுப்பு கட்டி முடியும்வரை காத்திருக்காமல் மாவைப் பழகிக்கொள்ளுங்கள். இத்தாலிய மாவைவிட நம் மைதாவில் புரதம் குறைவாக இருப்பதால், அரைக் கிலோ மைதாவுக்கு 290 மி.லி. தண்ணீரே போதும், 12 கிராம் உப்பும் ஒரு கிராம் ஈஸ்டும் சேர்த்துப் பிசைந்து, நம் ஊர் வெயிலில் மாவு விரைவில் புளித்துவிடும் என்பதால் இரவு முழுவதும் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். நாட்டுத் தக்காளியில் நீர் மிகுதி. மசித்து வடிகட்டாவிட்டால் நடுப்பகுதி சொதசொதவென்று ஆகிவிடும். வீட்டு மின்னடுப்பு 250 பாகையோடு நின்றுவிடும். ஆகவே இரும்புத் தோசைக்கல்லை அதில் முக்கால் மணி நேரம் காயவைத்து அதன்மேல் சுட்டால், ஏழெட்டு நிமிடத்தில் அடிப்பாகம் நன்றாகவே முறுகும். தோசைக்கல்லில் மரக்கைப்பிடி இருந்தால் கழற்றிவிடுங்கள்.

கானாடுகாத்தான் வீட்டுக்காரர்:
மூவருக்கும் மிக்க நன்றி. கொத்தனாரிடம் தளத்தைப் பற்றிப் பேசிவிட்டேன். இன்னும் ஓர் ஐயம்: சீமைக்கருவேல விறகு எரிக்கலாமா? பழைய பர்மா தேக்குக் கதவுத் துண்டுகளும் நிறையக் கிடக்கின்றன.

காரைக்குடிப் பொறியாளர்:
சீமைக்கருவேலம் தாராளமாக எரிக்கலாம். நன்றாகக் காய்ந்திருந்தால் நின்று எரிந்து கனத்த தணல் கொடுக்கும். முதலில் கூரையின் உட்புறம் கரி படிந்து கறுக்கும், பிறகு அந்தக் கரியே எரிந்து செங்கல் வெளுத்துத் தெரியும். அதற்குப் பின் தணலை ஓரத்துக்குத் தள்ளித் தளத்தைக் கூட்டிவிட்டு முதல் பீட்சாவை இடுங்கள். கதவுத் துண்டுகளை மட்டும் எரிக்காதீர்கள், பழைய வண்ணப்பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும். தேக்கு என்றால் விலைக்குக் கேட்க ஆள் வருவார்கள். அந்தப் பணத்தில் ஃபயர் பிரிக்ஸ் வாங்கிவிடலாம்.