எங்கள் கதை விளையாட்டின் குள்ளர் இனத்தை இப்படி அச்சிடலாமா? உதவுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். சனிக்கிழமை இரவுகளில் தோட்டத்துப் பிள்ளைகள் ஆறு பேருடன் பாத்திரமேற்று விளையாடும் கதை விளையாட்டு ஒன்றைத் தமிழில் நடத்துகிறேன். அதைச் சிறு நூலாக அச்சிட்டு விற்க ஆசை.

சிக்கல் அதில் வரும் எங்கள் குள்ளர்கள்தான். முதலில் அவர்களை, ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் கதைகளில் வரும் குள்ளர்களின் பெயரால், ஹாபிட் என்றே அழைத்தோம். 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆங்கிலக் கதை விளையாட்டும் அப்படித்தான் தொடங்கியது. டோல்கீன் படைப்புகளின் உரிமையாளர்கள் ஆட்சேபித்ததும் ஹாபிட் ஹாஃப்லிங் ஆனது, என்ட் என்ற நடமாடும் மரம் டிரீயன்ட் ஆனது, பால்ராக் என்ற நெருப்பு அரக்கன் பாலோர் ஆனது. எல்ஃப், டுவார்ஃப் என்ற மற்ற கதை இனங்களின் பெயர்கள் பழைய நாட்டார் கதைகளில் இருந்தவை, அதனால் தப்பின.

நாங்களும் மாற்றினோம். இப்போது அவர்கள் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டுகிறவர்கள். இடுப்பில் ஆளுக்கொரு மங்கு, அதாவது ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம்; அதனால் பெயர் 'மங்கர்'. ஒரு பையன் வரைந்த படத்தில் மங்கின் விளிம்பில் ஒட்டிக் காய்ந்த பால்கூட இருக்கிறது. பழைய குள்ளரைவிட இவர்களைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் ஹாபிட்டின் ரோமம் அடர்ந்த பாதமும் மண்ணுக்குள் வீடும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பெயர் மாறினாலும் இவை சேர்ந்து வந்தால் நகல் ஆகிவிடுமா? அப்புறம், விளையாட்டு விதிகளை எஸ்.ஆர்.டி. 5.1 என்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அடிப்படை விதித் தொகுப்பிலிருந்து எடுத்தோம்; மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் 2023இல் அது வெளியானது. மூலக் குறிப்பை நூலில் எந்தப் பக்கத்தில் போடுவது? பதிப்புரிமை தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அடுத்த மாதம் அச்சகத்தில் கொடுக்க வேண்டும்.