கொலு பொம்மைக்கு வெந்தயமா? வீட்டுக்கல்விக்காரர்களுக்கு ஒரு கேள்வி

கரும்பலகை:
பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கும் அம்மையார் ஒருவர், முற்றத்துப்பள்ளி என்ற பெயரில் இங்கே எழுதுபவர்தான், நேற்று இப்படிப் போட்டிருந்தார்: “இந்த ஆண்டு கொலுவுக்கு ஒரு பொம்மைகூடக் கடையில் வாங்கவில்லை. பழைய செய்தித்தாளை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்து, எல்லாவற்றையும் என் பிள்ளைகளே செய்தார்கள். வெந்தயம் சேர்த்தால் பூச்சி அண்டாது. பள்ளிக்கூடத்தில் ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்தாலும் இந்த அறிவியல் கிடைக்காது.”

கிடைக்காதுதான். ஏனென்றால் இது அறிவியலே இல்லை. பணி ஓய்வு பெறும்வரை அரசுப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். வெந்தயம் போடாமல் ஒரு பொம்மையாவது செய்து பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா? இல்லையென்றால், பூச்சி வராததற்கு வெந்தயம்தான் காரணம் என்று எப்படித் தெரிந்தது? ஏழாம் வகுப்புப் பையன் கேட்பான் இதை. பள்ளிக்குப் போகும் ஏழாம் வகுப்புப் பையன்.

முற்றத்துப்பள்ளி:
வணக்கம் ஐயா. அவ்வளவு நீளமாக எழுதியிருந்தேன், உங்கள் கண்ணில் பட்டது வெந்தயம் மட்டும்தானா? படிக்கட்டுக்குப் பலகையை அளந்து குறித்தவன் என் மகன். மகள் சாய்ந்தாடும் பொம்மை செய்தாள். முதலில் கொண்டையைப் பெரிதாக வைத்துவிட்டாள். தட்டினால் முகம் குப்புற விழுந்து அப்படியே கிடந்தது. நான் வாயே திறக்கவில்லை. கொண்டையைச் சுரண்டி எடுத்தாள், அடியில் களிமண்ணை அப்பினாள், மறுபடி தட்டினாள். எழுந்து நின்றது. தஞ்சாவூர்ப் பொம்மை ஏன் விழாது என்று இனி யாரும் அவளுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. வெந்தயம் எங்கள் வீட்டில் தலைமுறையாக வரும் பழக்கம். காகிதக்கூழில் கூடை செய்த பாட்டிகள் இருக்கும் எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.

கரும்பலகை:
பொம்மை எழுந்து நின்றதில் மகிழ்ச்சி. வெந்தயத்துக்கு வாருங்கள்.

பாட்டி செய்தார் என்பது ஆதாரம் ஆகாது. முன்னோர் முறைதான் வேண்டுமென்றால் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தைப் பாருங்கள். ஓலைச்சுவடிகளைப் பூச்சியிடமிருந்து காப்பாற்ற வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை இவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைப்பது அங்குள்ள வழக்கம். அந்தப் பட்டியலில் வெந்தயம் எங்கே?

எட்டாம்படி:
சுவடிக்கு வசம்பு, கூழுக்கு வெந்தயம். ஐயா, மளிகைப் பட்டியலை முழுதாகச் சொல்லிவிட்டால் சுண்டலுக்கான கடலையையும் அதே கடையில் வாங்கிவிடுவேன்.

முற்றத்துப்பள்ளி:
ஓலையும் கூழும் ஒன்றா ஐயா? ஊறிய வெந்தயத்தை அரைத்தால் ஒரு கொழகொழப்பு வரும். கூழை இறுக்கிப் பிடிப்பது அதுதான். கசப்பு இருப்பதால் பூச்சியும் வராது. இரண்டு வேலை.

கரும்பலகை:
எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். நேற்று பூச்சி, இன்று பிடிப்பு. நாளைக்கு வெந்தயம் சர்க்கரை நோயையும் பொம்மைக்கு வராமல் தடுக்கும் என்பார்.

கசப்பு என்பது நம் நாக்குக்கு. காகிதத்தை அரிக்கும் இராமபாணப் பூச்சி உங்களிடம் வந்து கசக்கிறது என்று சொன்னதா? அந்தப் பூச்சிக்குப் பிடித்ததே மாவும் பசையும்தான். புத்தகம் கட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலந்தது எதற்காக? வெந்தயம் கிடைக்காமலா? என் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. வெந்தயம் போடாத பொம்மை ஒன்று செய்தீர்களா, இல்லையா?

முற்றத்துப்பள்ளி:
மயில்துத்தம் நஞ்சு. அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கச் சொல்கிறீர்களா? ஆசிரியராக இருந்தவர் பேசும் பேச்சா இது? பொங்கல் சமயத்தில் என் மகள் போட்ட புள்ளிக் கோலத்தைப் பற்றி எழுதியபோதும் “கோலம் வடிவியல் ஆகாது” என்று அந்தப் பதிவு முழுக்க விடாமல் துரத்தினீர்கள். நான் மறக்கவில்லை.

கரும்பலகை:
கொடுக்கச் சொல்லவில்லை. கட்டுகிறவர்கள் கலந்தார்கள் என்றேன். வாசிக்கவும் கற்பிக்க வேண்டும் போலிருக்கிறது. கோலம் வடிவியல் ஆகாது என்பதில் இன்றைக்கும் மாற்றமில்லை. அது ஓவியம்.

விளாச்சேரி மருமகள்:
இத்தனை நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். நான் வாழ்க்கைப்பட்டது மதுரைப் பக்கம் விளாச்சேரியில், பொம்மை செய்யும் குடும்பத்தில். எங்களுக்கு மண் வேலைதான். விநாயகர் சதுர்த்தி முடிந்த கையோடு கொலு, கொலு முடிந்தால் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மாதாவும் சூசையப்பரும் ஆட்டுக்குட்டிகளும். மண்ணை மிதித்துப் பிசைந்து, கல் பொறுக்கி, அச்சில் அழுத்தி எடுத்து, நிழலில் உலர்த்தி, சூளையில் அடுக்கி, அதற்குப் பிறகுதான் வண்ணம். வெயிலில் போட்டால் விரிசல் விடும். புரட்டாசியில் ஒரு மழை பிடித்தால் அந்த வாரத்துச் சோறு போயிற்று. கண் எழுதுவது கடைசி வேலை. எங்கள் வீட்டில் அதை மாமியார் மட்டும்தான் செய்வார், வேறு யாரையும் தூரிகையைத் தொட விடமாட்டார்.

காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் காகிதக்கூழ் வேலை செய்கிறவர்களும் எங்களுக்குப் பழக்கம். அவர்கள் சேர்ப்பது மரவள்ளி மாவுப் பசையும் சுண்ணாம்புப் பொடியும். வெந்தயத்தைக் கண்டதில்லை.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. எங்கள் பிள்ளைகள் சனி ஞாயிறில் மண் பிசைந்தால், “ஏன் இதுகளைப் படிக்க அனுப்பவில்லை” என்று படம் எடுக்க வருகிறவர்கள் கேட்கிறார்கள். உங்கள் பிள்ளைகள் காகிதம் பிசைந்தால் அதற்கு மாற்றுக் கல்வி என்று பெயர் வைத்து நாலு பேர் பாராட்டுகிறார்கள். ஒரு பொம்மைகூடக் கடையில் வாங்கவில்லை என்பதில் என்ன பெருமை அம்மா? அந்தக் கடையில் நாங்கள் அல்லவா இருக்கிறோம்?

கரும்பலகை:
பார்த்தீர்களா? தொழில்செய்கிற குடும்பமே சொல்லிவிட்டது. வெந்தயத்தைக் கண்டதில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

விளாச்சேரி மருமகள்:
ஐயா, நான் அதையா சொன்னேன்?

முற்றத்துப்பள்ளி:
விளாச்சேரி சகோதரிக்கு: உங்கள் தொழிலைக் குறைத்துப் பேசுவது என் எண்ணமில்லை. சென்ற ஆண்டு சென்னைக் கொசப்பேட்டையில் தசாவதார வரிசை வாங்கியவள்தான் நான். ஆனால் ஒன்று. காஞ்சிபுரத்தில் சந்தைக்குச் செய்கிறார்கள், விரைவாகக் காய வேண்டும், அதனால் மாவுப் பசை. வீட்டுக்குச் செய்வது வேறு. வெந்தயம் வீட்டு முறை.

தாம்பரத்து அப்பா:
வெந்தயம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு இரண்டு பிள்ளைகள். இந்தப் பருவக் கட்டணத்தோடு “நவராத்திரிச் செயல்திட்டம்” என்று பள்ளியில் தனியாக வசூலித்தார்கள். அட்டையில் கொலு செய்துகொண்டு வரச் சொன்னார்கள். இரவு உட்கார்ந்து வெட்டி ஒட்டியது நானும் என் மனைவியும். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். பரிசு பக்கத்து வீட்டுக்காரருக்குப் போனது, அவர் கட்டட வரைபடக்காரர். இந்த அம்மாவின் பிள்ளைகள் தாங்களாகவாவது செய்தார்கள் அல்லவா?

ஒரு சந்தேகமும் உண்டு. வீட்டிலேயே படித்தால் பத்தாம் வகுப்புத் தேர்வு எப்படி எழுதுவது?

முற்றத்துப்பள்ளி:
தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாக எழுதலாம். பதினான்கு வயது நிறைந்திருக்க வேண்டும். ஏப்ரல்-மே ஒரு முறை, அக்டோபர்-நவம்பர் ஒரு முறை தேர்வு நடக்கிறது. அதற்கு முந்தைய நிலைகளுக்கும் அவர்களிடமே திட்டம் இருக்கிறது. பாடநூல்களும் தருவார்கள்.

கரும்பலகை:
சட்டத்தை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். கல்வி உரிமைச் சட்டம் 2009, நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. பத்தாவது பிரிவைப் படியுங்கள். ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை. கடமை என்றே எழுதியிருக்கிறது.

முற்றத்துப்பள்ளி:
அதே சட்டத்தில் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்ன என்றும் தேடிப் பாருங்கள். கிடைக்காது. கட்டாயம் என்று சொல்லியிருப்பது அரசின் பொறுப்பை.

கரும்பலகை:
தண்டனை இல்லாவிட்டால் கடமை இல்லையா? நல்ல குடிமையியல் பாடம் நடக்கிறது உங்கள் முற்றத்தில்.

தாம்பரத்து அப்பா:
ஐயா, வருத்தப்படாமல் பதில் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் வேலை பார்த்தீர்கள். உங்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படித்தார்கள்?

கரும்பலகை:
அது தனிப்பட்ட விஷயம். பேச்சு வெந்தயத்தைப் பற்றி.

எட்டாம்படி:
புரிந்துவிட்டது. மெட்ரிகுலேஷன்.

கரும்பலகை:
எட்டாம்படி என்று பெயர் வைத்துக்கொண்டவருக்கு முதல் படியில்கூட இடம் கொடுக்க முடியாது. அங்கே வைக்கிற புல்லும் பூண்டுமாவது பயன்படும்.

மயிலை மங்களம்:
பெயரைப் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். தம்பி, கொலுவில் எட்டுப் படி கிடையாது. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. இரட்டைப்படையில் யார் வைப்பார்கள்?

எட்டாம்படி:
மாமி, ஒன்பது படியிலும் எட்டாவது படி உண்டு. தேவர்கள் நிற்கும் படி. நான் அந்தப் படி.

மயிலை மங்களம்:
எங்கள் வீட்டில் எட்டாவதில் அஷ்டலட்சுமி. தேவர்களைக் கீழே வைப்போம்.

எட்டாம்படி:
அப்படியென்றால் ரிஷிகளை எங்கே தள்ளினீர்கள்?

முற்றத்துப்பள்ளி:
நாங்கள் அறிவு வரிசைப்படிதான் வைத்திருக்கிறோம். தொல்காப்பியத்தில் உள்ள பகுப்பு. ஓரறிவு புல், மரம், ஈரறிவு நத்தை, மூவறிவு எறும்பும் கரையானும், நாலறிவு நண்டும் தும்பியும், ஐந்தறிவு விலங்குகள். ஒவ்வொன்றையும் ஏன் அந்த இடத்தில் வைத்தார்கள் என்று மகனும் மகளும் வாதாடிய வாதத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நண்டுக்குக் காது உண்டா என்று தேடியதில் ஒரு பகல் போய்விட்டது. இது தமிழ்ப் பாடமா, உயிரியலா? பள்ளியில் மணி அடித்திருப்பார்கள்.

கரும்பலகை:
அதாவது, வெந்தயம் போட்ட கூழில் கரையான் பொம்மை செய்து மூன்றாம் படியில் வைத்திருக்கிறீர்கள். பூச்சி அண்டாத பொம்மையில் பூச்சி. வாழ்க.

எட்டாம்படி:
ஐயா, இது ஒன்று நன்றாக இருந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

கரும்பலகை:
உங்கள் பாராட்டு எனக்கு வேண்டாம். பதில் வேண்டியது அவரிடமிருந்து. அவருக்கு வழியும் சொல்லித்தருகிறேன், இலவசமாக. ஒரே கூழை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றில் வெந்தயம், ஒன்றில் மரவள்ளி மாவு. ஒரே அச்சு, ஒரே அளவு. அடியில் குறியிட்டுப் பரணில் போடுங்கள், பாச்சை உருண்டை போடாமல். அடுத்த புரட்டாசியில் இறக்கிப் பாருங்கள். அதற்குப் பெயர்தான் அறிவியல். பொம்மை செய்வதற்குப் பெயர் கைவேலை. கைவேலை எங்கள் பள்ளியிலும் இருந்தது, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை.

முற்றத்துப்பள்ளி:
அந்தக் கடைசிப் பாடவேளையை எத்தனை முறை கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொண்டார் என்று உங்கள் பழைய மாணவர்களைக் கேளுங்கள். பரண் என்னுடையது ஐயா. அதில் எதைப் போடுவது என்பதை நானும் என் பிள்ளைகளும் முடிவு செய்வோம்.

கரும்பலகை:
அப்படியானால் வெந்தயம் போடாத பொம்மை செய்யவில்லை. ஒரு வழியாகப் பதில் கிடைத்தது.

முற்றத்துப்பள்ளி:
நான் அப்படிச் சொல்லவில்லை.

கரும்பலகை:
செய்தேன் என்றும் சொல்லவில்லை.

விளாச்சேரி மருமகள்:
நான் கேட்டதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

மயிலை மங்களம்:
அம்மா, வடக்கு மாட வீதிக்கு இந்த முறை உங்கள் ஊர்ப் பொம்மை வந்திருக்கிறதா? போன தடவை வாங்கிய செட்டியார் பொம்மைக்கு மூக்கு உடைந்துவிட்டது. செட்டியாரம்மா தனியாக நிற்கிறாள். ஒற்றையாகத் தருவார்களா?

விளாச்சேரி மருமகள்:
ஜோடியாகத்தான் அம்மா கொடுப்போம்.

மயிலை மங்களம்:
கொஞ்சம் கூழ் வைத்து மூக்கை ஒட்டிவிடலாமா?

முற்றத்துப்பள்ளி:
தாராளமாக ஒட்டலாம் மாமி. ஒரு கைப்பிடி வெந்தயத்தை இரவே ஊறப்போட்டுவிடுங்கள்.

கரும்பலகை:
மங்களம் அம்மா, வேண்டாம். மண் பொம்மையில் கூழ் நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வெந்தயம் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

தாம்பரத்து அப்பா:
அந்தத் திறந்தநிலைப் பள்ளித் தேர்வில் தமிழை ஒரு பாடமாக எடுக்க முடியுமா? இதற்கு மட்டும் யாராவது பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

எட்டாம்படி:
முதலில் ரிஷிகள் எந்தப் படி என்று மாமி சொல்லட்டும்.