உதவி: தக்காளி 20லிருந்து 36 ஆகியிருக்கிறது, எக்செல் 10 சதவீதம் இறக்கம் என்கிறது

மதுரை_அடுப்படி:
வணக்கம். மதுரையில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். மதியச் சாப்பாடு மட்டும்தான், ஒரு நாளைக்கு 60 இலை. மார்ச்சிலிருந்து வாங்குகிற விலையை எல்லாம் எக்செல்லில் எழுதி வருகிறேன். சாப்பாட்டு விலையை ஏற்ற வேண்டுமா, ஏற்றினால் எவ்வளவு என்று இந்த வாரத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

போனில் தமிழ் கீபோர்டு என்பதால் செல் பெயர்களையும் தமிழிலேயே அடிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏ-யில் பொருள், பி-யில் மார்ச் விலை, சி ஏப்ரல், டி மே, இ ஜூன். இரண்டாம் வரிசையிலிருந்து அரிசி, துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், தக்காளி, கடலை எண்ணெய்.

மார்ச்சோடு ஒப்பிட்டால் எத்தனை சதவீதம் என்று பார்க்க, ஜி2-வில் =(சி2-பி2)/பி2 என்று போட்டு வலப்பக்கம் ஐ வரைக்கும், அப்புறம் கீழே ஆறாம் வரிசை வரைக்கும் இழுத்தேன். தக்காளி மார்ச்சில் 20, ஏப்ரலில் 25, மேயில் 40, ஜூனில் 36. ஜூனுக்கு மைனஸ் 10 சதவீதம் என்று காட்டுகிறது.

டாலர் குறி போட வேண்டும் என்று எங்கேயோ படித்து =(சி2-$பி$2)/$பி$2 என்று மாற்றினேன். இப்போது தக்காளி 31 சதவீதம் இறக்கம், துவரம் பருப்பு 192 சதவீதம் ஏற்றம் என்று வருகிறது. பருப்பு 160லிருந்து 152க்கு இறங்கியல்லவா இருக்கிறது? சின்ன வெங்காயத்துக்கு ஜூனில் எண்ணே வரவில்லை, #வேல்யூ! என்று நிற்கிறது. இரண்டு நாளாக இதோடு மல்லுக்கட்டுகிறேன்.

பேரேடு:
அக்கா, கணக்கு போட்ட முறை சரிதான். இழுக்கும்போது செல் பெயர் நகர்வதுதான் பிரச்சினை.

முதல் ஃபார்முலாவை வலப்பக்கம் இழுத்தால் சி டி-யாகும்போது பி-யும் சி-யாகிவிடும். அதனால் ஐ-யில் ஜூனை மேயோடுதான் ஒப்பிட்டிருக்கிறது. 40லிருந்து 36 என்பது 10 சதவீத இறக்கம்தானே.

இரண்டாவதில் பி2-வை முழுக்கக் கட்டிப்போட்டுவிட்டீர்கள். $பி$2 என்றால் எங்கே இழுத்தாலும் பி2 பி2-வேதான். அங்கே இருப்பது அரிசியின் மார்ச் விலை. அது 52 ரூபாயா? அப்படியானால் பருப்பின் 152-ஐ அரிசியின் 52-ஓடு ஒப்பிட்டிருக்கிறது. 100-ஐ 52-ஆல் வகுத்துப் பாருங்கள், அந்த 192 வரும்.

உங்களுக்கு வேண்டியது பாதிப் பூட்டு:

=(சி2-$பி2)/$பி2

எழுத்துக்கு முன்னால் டாலர் இருப்பதால் வலப்பக்கம் போனாலும் மார்ச்சை விட்டு நகராது. எண்ணுக்கு முன்னால் இல்லாததால் கீழே போகும்போது அந்தந்தப் பொருளின் வரிசைக்கு இறங்கும். கம்ப்யூட்டரில் என்றால் ஃபார்முலாவில் பி2 மேல் கர்சரை வைத்து எஃப்4 விசையை அழுத்துங்கள். முதல் அழுத்தில் $பி$2, அடுத்து பி$2, மூன்றாவதில் $பி2. போனில் கையால்தான் அடிக்க வேண்டும்.

மொத்தக்கடை:
வெங்காயத்துக்கு நான் சொல்கிறேன். ஜூன் செல்லில் "70 ரூ" என்று அடித்திருப்பீர்கள். எண்ணாக இருந்தால் செல்லின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்து என்று எடுத்துக்கொண்டால் இடது ஓரத்துக்குப் போய்விடும். 70 என்று மட்டும் அடியுங்கள்.

மாதாமாதம் வரும் சதவீதங்களையே கூட்டிக்கொண்டால் மார்ச்சோடு ஒப்பிட்டது ஆகிவிடுமே, தனி ஃபார்முலா எதற்கு?

பேரேடு:
கூட்டக் கூடாது அண்ணா. தக்காளியையே பாருங்கள்: 25 ஏற்றம், 60 ஏற்றம், 10 இறக்கம். கூட்டினால் 75. உண்மையில் 20லிருந்து 36 என்பது 80 சதவீதம். ஒவ்வொரு மாதமும் அடிப்படை விலை மாறுகிறது, அதனால் பெருக்க வேண்டும்: 1.25 × 1.6 × 0.9 = 1.8.

மதுரை_அடுப்படி:
தம்பி, அரிசி 52தான், அப்படியே சொல்லிவிட்டீர்கள்! வெங்காயச் செல்லிலும் "70 ரூ" என்றுதான் இருந்தது. இப்போது எல்லாம் சரியாக வருகிறது. ஜூனில் அரிசி 7.7, பருப்பு மைனஸ் 5, சின்ன வெங்காயம் 75, தக்காளி 80, எண்ணெய் 5.

ஆனால் ஐந்துக்கும் ஆவரேஜ் போட்டதும் பக்கென்றது. 32.5 சதவீதம். இப்போது சாப்பாடு 80 ரூபாய். இதன்படி ஏற்றினால் 106 ஆகிறது. என்னிடம் சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். எப்படி வாய் திறந்து கேட்பது?

பேரேடு:
கொஞ்சம் பொறுங்கள் அக்கா, விலையை இப்போது மாற்றாதீர்கள். மாதத்துக்கு எது எவ்வளவு வாங்குகிறீர்கள்?

மதுரை_அடுப்படி:
அரிசி 300 கிலோ, பருப்பு 40, சின்ன வெங்காயம் 20, தக்காளி 60, எண்ணெய் 30 லிட்டர். பருப்பு மார்ச்சில் 160, எண்ணெய் 200லிருந்து 210, வெங்காயம் 40லிருந்து 70, அரிசி இப்போது 56.

பேரேடு:
ஆவரேஜ் போட்டதும் 300 கிலோ அரிசியும் 20 கிலோ வெங்காயமும் ஒரே எடையாகிவிட்டன. வெங்காயத்துக்கு மார்ச்சில் நீங்கள் கொடுத்தது 800 ரூபாய், அரிசிக்கு 15,600. அந்தந்தப் பொருளுக்குப் போகும் பணத்துக்கு ஏற்ற இடத்தைக் கணக்கிலும் கொடுக்க வேண்டும்.

எஃப் காலியாக இருக்கிறதல்லவா, அங்கே மாத அளவுகளை எழுதி, ஜி7-இல் இதைப் போடுங்கள்:

=சம்ப்ராடக்ட்($எஃப்$2:$எஃப்$6,சி2:சி6)/சம்ப்ராடக்ட்($எஃப்$2:$எஃப்$6,$பி$2:$பி$6)-1

சம், ப்ராடக்ட் இரண்டையும் இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் அடியுங்கள். அளவையும் விலையையும் வரிசை வரிசையாகப் பெருக்கிக் கூட்டித் தரும். அளவுக்கும் மார்ச் விலைக்கும் முழுப் பூட்டு, மாத விலைக்குப் பூட்டே இல்லை. ஐ7 வரை இழுத்தால் ஜூன் வந்துவிடும்.

நானும் கையால் போட்டுப் பார்த்தேன். மார்ச் விலையில் மொத்தம் 30,000. அதே சாமான் ஜூன் விலையில் 32,740. ஏற்றம் 9.1 சதவீதம்.

இது புது வழியும் இல்லை. அளவை மாற்றாமல் விலையை மட்டும் மாற்றிப் பார்க்கும் இந்தக் கணக்கை லாஸ்பியர்ஸ் என்ற ஜெர்மன் பொருளியலாளர் 1871இல் எழுதிவைத்தார். நம் நாட்டு விலைவாசிக் குறியீடும் இந்த வழியில்தான் போடப்படுகிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சின்ன வெங்காயத்தைக் குறைத்துப் பெரிய வெங்காயம் போட ஆரம்பித்திருந்தால் அளவு மாறியிருக்கும், உண்மைச் செலவு இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

மதுரை_அடுப்படி:
ஐ7-இல் 9.1 வந்துவிட்டது! சாம்பாருக்கு இன்னும் சின்ன வெங்காயம்தான் போடுகிறேன், குறைக்கவில்லை.

2,740-ஐ மாதம் 1,800 சாப்பாட்டுக்கு வகுத்தால் இலைக்கு ஒன்றரை ரூபாய். 26 ரூபாய் ஏற்ற இருந்தேன். இந்த ஐந்து பொருள் போகக் காய்கறி, கேஸ், வாழை இலை, உதவிக்கு வரும் அம்மாவின் சம்பளம் எல்லாம் இருக்கின்றன. இன்று ராத்திரி அவற்றையும் ஏழாம் வரிசைக்கு மேலே சேர்க்கப் போகிறேன். நடுவில் வரிசை நுழைத்தால் ஃபார்முலா தானாக நீளுமா?

பேரேடு:
ஆறாம் வரிசைக்கு மேலே நுழைத்தால் நீளும். அதற்குக் கீழே நுழைத்தால் சில நேரம் விட்டுவிடும், எண்ணெயைக் கடைசி வரியாகவே வைத்துக்கொள்ளுங்கள். புது வரிசைகளுக்குச் சதவீத ஃபார்முலாவை மேலிருந்து இழுத்துவிட வேண்டும். சம்பளத்துக்கும் கேஸுக்கும் அளவு என்ன போடுவது என்று குழப்பம் வந்தால், அளவு 1, விலைக்கு அந்த மாதச் செலவு முழுவதும்.