டிஐ-84 பிளஸ் திரையில் நசுங்கும் வட்டம்

கோடுகிறுக்கன்: மூன்று இரவுகளாக இந்தக் கால்குலேட்டரில் ஒரு பூனை முகம் வரைந்து பார்க்கிறேன். சர்க்கிள் கட்டளை கொடுத்தால், யாரோ மேலே உட்கார்ந்ததுபோல் முகம் நசுங்கி வருகிறது. ஒரு புள்ளியைப் போடும் பிக்சல்-ஆன் கட்டளை கொடுத்தால் மீசை காதருகே முளைக்கிறது. போதாக்குறைக்கு அச்சுக்கோடு வேறு மூக்கை அறுக்கிறது. எங்கே தவறு?

புள்ளிமான்: பிக்சல்-ஆனில் முதலில் கிடைவரிசை, பிறகுதான் நெடுவரிசை. மேல் இடது மூலைதான் 0,0. நீங்கள் எக்ஸ், ஒய் என்று பழக்கதோஷத்தில் கொடுத்திருப்பீர்கள்; நானும் அப்படித்தான் ஒரு நாளைத் தொலைத்தேன். திரை 96×64 புள்ளிகள், ஆனால் வரைய 95×63 மட்டுமே கிடைக்கும். எனவே விண்டோவில் (வரைபட எல்லைகளை அமைக்கும் இடம்) எக்ஸ் 0 முதல் 94, ஒய் -62 முதல் 0 என்று வையுங்கள். ஓர் அலகுக்கு ஒரு புள்ளி, வட்டம் உருண்டுவிடும். அச்சுகளை ஆக்சஸ்ஆஃப் மறைத்துவிடும்.

பழையபேட்டரி: சர்க்கிள் ஆமைபோல் ஊர்ந்தால், ஆரத்துக்குப் பின் நெளிவு அடைப்புக்குள் கற்பனை எண் ஐ-யைச் சேர்த்துப் பாருங்கள். பளிச்சென்று வரைந்துவிடும். முடித்ததும் படத்தைச் சேமிக்க ஸ்டோர்பிக் கொடுக்க மறக்காதீர்கள்.

கோடுகிறுக்கன்: முகம் உருண்டுவிட்டது, நன்றி. இப்போது அது ஆந்தையாகத் தெரிகிறது. அது என் கைவண்ணம்.