சேமி அழுத்தினால் ஆள் இல்லையாம்

சின்ன மாமா: பிள்ளைகள், கமக்காரர் அமைப்பின் பக்கத்தில் என் விபரத்தைத் திறந்து பார்த்துவிட்டுச் சேமி அழுத்தினேன். "உறுப்பினர் பதிவு இல்லை" என்று வருகிறது. காலபோக நெல் விதைப்பு வருகிறது, பசளை மானியத்துக்குப் பெயர் இல்லையென்றால் என்ன செய்வது?

கிளிநொச்சி அக்கா: எனக்கும் நேற்று அப்படித்தான் மாமா.

வவுனியா தங்கச்சி: திறக்கும்போது விபரம் இருந்ததோ மாமா?

சின்ன மாமா: இருந்தது. பெயர், இரணைமடு இடதுகரை, 2 ஏக்கர், போன் நம்பர்.

வவுனியா தங்கச்சி: ஒன்றையும் மாற்றாமலா அழுத்தினீர்கள்?

சின்ன மாமா: மாற்ற என்ன இருக்கு? சரிபார்க்கத்தான் போனேன்.

வவுனியா தங்கச்சி: அதுதான் விஷயம். சேமி அழுத்தினால் பக்கம் அப்டேட் என்ற திருத்தும் கட்டளையை மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸுக்கு அனுப்பும். அது திருப்பித் தருகிற எண் வழக்கமாக எத்தனை வரி மாறியது என்பதுதான், எத்தனை வரி கிடைத்தது என்பது இல்லை. 2 ஏக்கரைத் திரும்பவும் 2 ஏக்கர் என்றே எழுதினால் கணக்கு 0. இந்தப் பக்கத்தை முன்பு எழுதினவர் 0 என்றால் ஆளே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

யாழ் தம்பி: அந்த எண்ணை எடுக்கிறது பிடிஓவின் ரோகவுன்ட்டாலா?

வவுனியா தங்கச்சி: இல்லை, பிஎச்பி மொழியில் டேட்டாபேஸோடு பேசுகிற இன்னொரு வழியான மைஎஸ்கியூஎல்ஐ, அதில் அஃபெக்டட் ரோஸ் என்ற எண். பிழை நடந்தால் அது -1 தரும். இவர் 0-ஐ விடக் கூடவோ என்று மட்டும் பார்க்கிறார். டேட்டாபேஸ் படுத்தாலும் பழி மாமாவின் தலையில்தான். பிஎச்பி 8.1 என்றால் பிழை வந்ததும் எக்செப்ஷன் எறிந்து வேலையை அங்கேயே நிறுத்தும். சேர்வரில் இன்னும் பிஎச்பி 7.

யாழ் தம்பி: டேட்டாபேஸோடு இணைக்கும்போது ஃபவுண்ட் ரோஸ் என்ற தெரிவைப் போட்டால் பொருந்திய வரியை எண்ணுமே.

வவுனியா தங்கச்சி: எண்ணும். ஆனால் உண்மையில் எது மாறியது என்று பதிகிற இடத்திலும் இதே எண்தான் ஓடுகிறது, அது குழம்பிவிடும். முதலில் செலக்ட் என்ற தேடும் கட்டளை போட்டு ஆள் இருக்கிறாரோ என்று பார்த்துவிட்டு அப்டேட் செய்கிறேன்.

யாழ் தம்பி: புது ஆள் சேர்க்கிற பக்கத்தில் ஆன் டூப்ளிகேட் கீ, அதாவது ஏற்கெனவே ஆள் இருந்தால் சேர்க்காமல் திருத்தும் கட்டளை, இருக்கென்றாயே?

வவுனியா தங்கச்சி: ஓம், அது இன்னும் பகிடி. புதிதாகச் சேர்த்தால் அந்த எண் 1. ஏற்கெனவே உள்ள ஒருவரை மாற்றினால் 2. "சேர்க்கப்பட்டோர்: 2" என்று கண்டுவிட்டு, மற்ற ஆள் யாரென்று செயலாளர் பட்டியல் முழுக்கத் தேடியிருக்கிறார்.

கிளிநொச்சி அக்கா: 😂😂

சின்ன மாமா: எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெயர் இருக்கோ இல்லையோ?

வவுனியா தங்கச்சி: இருக்கு மாமா. இனி "மாற்றம் எதுவும் இல்லை" என்று வரும். அதற்கும் பயப்படாதீர்கள்.

சின்ன மாமா: சரி. பக்கத்துக் காணிக்காரரும் பயந்துபோய் இருக்கிறார். இதை ஒரு வொய்ஸாகப் போடு பிள்ளை, அப்படியே அனுப்பிவிடுகிறேன்.