பழைய சீகல் அவுட்போர்டு பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது, உதவுங்கள்

செம்பனைத் தோட்டத்துத் தம்பி:
வணக்கம். மலேசியாவில் பேராக், ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறேன். பழைய அவுட்போர்டு, அதாவது படகின் பின்னால் மாட்டும் மோட்டார், வைத்திருப்பவர்கள் வரும் ஞாயிறு பெர்ணாம் ஆற்றுத் துறையில் சம்பான் படகுகளோடு கூடுகிறோம். தாத்தாவின் பிரிட்டிஷ் சீகல் ஃபார்ட்டி பிளஸை அங்கே ஓட்ட ஆசை. தோட்டத் துரை கப்பலேறும்போது தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. பிறகு இருபது வருடம் கொட்டகையில் தொங்கியது.

கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். பிளக் புதிது. இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொள்கிறது. ஆனால் பத்து நிமிடத்தில் சோர்ந்து நின்றுவிடுகிறது. சூடு ஆறும்வரை எத்தனை முறை கயிறு இழுத்தாலும் கிளம்பாது. பிளக்குக்குப் பொறி தரும் காயில் போய்விட்டதா? கியர்பெட்டி எண்ணெய் வேறு பால் மாதிரி வெளுத்து வந்தது.

ஆற்றோர மெக்கானிக்:
காயிலுக்கு அப்புறம் வருவோம் தம்பி. பெட்ரோலில் எண்ணெய் எவ்வளவு கலக்கிறீர்கள்?

செம்பனைத் தோட்டத்துத் தம்பி:
கடையில் சொன்னபடி 50-க்கு 1, அண்ணே. லிட்டருக்கு 20 மில்லி.

ஆற்றோர மெக்கானிக்:
இப்போதைய இயந்திரத்துக்கு அது சரி. உங்களுடையதுக்கு 10-க்கு 1, லிட்டருக்கு 100 மில்லி. சீகலில் பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டு, புஷ் என்ற வெண்கல வளையத்துக்குள் சுழல்கிறது. அங்கே ரப்பர் சீல் கிடையாது. எண்ணெய்ப் படலம்தான் சீல். எண்ணெய் குறைந்து சூட்டில் இளகினால் கிராங்க் அறையின் அழுத்தம் புஷ் வழியே கசிந்துவிடும். பெட்ரோல் கலவை மேலே ஏறாது. ஆறியதும் எண்ணெய் கெட்டியாகும், மறுபடி பிடிக்கும். நீங்கள் சொல்வது அப்படியே இதுதான். இதே கலவையில் இன்னும் ஓட்டினால் புஷ் தேய்ந்துவிடும், தயவுசெய்து நிறுத்துங்கள்.

கியர்பெட்டிக்குப் பயப்படாதீர்கள். சீகலில் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போவது வழக்கம். 140 கிரேடு கெட்டி எண்ணெய் ஊற்றி, ஓட்டம் முடிந்ததும் பார்த்து மாற்றுங்கள்.

பாகான் டத்தோ படகுக்காரர்:
அண்ணன் சொன்னது சரிதான், ஆனாலும் காயிலை விட்டுவிடாதீர்கள். இயந்திரம் நின்ற உடனே, சூடாக இருக்கும்போதே, பிளக்கைக் கழற்றி வயரோடு இரும்பில் தொடவைத்துக் கயிறு இழுங்கள். பிளக் ஓட்டையிலிருந்து தள்ளிப் பிடியுங்கள், பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். நீலப் பொறி வந்தால் காயில் நல்லது. மஞ்சளாக மங்கினால், பொறிக்காக மின்சாரத்தை விட்டுவிட்டு முறிக்கும் பாயிண்ட்டின் இடைவெளி 0.5 மில்லிமீட்டர் இருக்கிறதா பாருங்கள், அதோடு சேர்ந்த கன்டென்சரையும் பாருங்கள். டேங்க் மூடியின் காற்று திருகைத் திறந்தீர்களா? மூடியிருந்தாலும் இப்படித்தான் நிற்கும்.

இறால் வலைக்காரர்:
10-க்கு 1 என்றால் ஆற்றில் எண்ணெய் மிதக்கும். அந்தத் தண்ணீரில்தான் எங்கள் பிழைப்பு.

ஆற்றோர மெக்கானிக்:
நியாயமான பேச்சு. பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் கார்புரேட்டர் ஊசியை மாற்றினால் 25-க்கு 1-இல் ஓட்டலாம். ஊசியை மாற்றாமல் எண்ணெயை மட்டும் குறைத்தால் பெட்ரோல் கூடிப்போய்த் திணறும். ஞாயிறுக்குள் ஊசி கிடைக்காது. அன்றைக்கு ஒரே சுற்று, அப்புறம் ஊசி வாங்குங்கள்.

செம்பனைத் தோட்டத்துத் தம்பி:
இன்று மாலை பார்த்தேன். பொறி நீலம், மூடித் திருகு திறந்தே இருந்தது. 10-க்கு 1 கலந்து நாற்பது நிமிடம் ஓட்டினேன், ஒரு தடவைகூட நிற்கவில்லை. புகை அதிகம்தான். அந்தப் புகை வாசனையில் அப்பா கொட்டகையை விட்டு வெளியே வந்துவிட்டார், தாத்தாவோடு மீன் பிடிக்கப் போனதையே பேசிக்கொண்டிருந்தார். ரொம்ப நன்றி அண்ணே. ஊசி தேட ஆரம்பித்துவிட்டேன்.

ஆற்றோர மெக்கானிக்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. ஒன்று மட்டும். உங்களுடையதில் கிளட்ச் இல்லையென்றால், பிடித்த கணமே சம்பான் பாயும். துறையிலிருந்து துடுப்பு போட்டு விலகிப்போய், முன்னால் ஆள் இல்லை என்று பார்த்துக் கயிறு இழுங்கள். ஃப்ளைவீல் திறந்தே சுழலும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். தண்ணீருக்குள் சுழலும் விசிறியைத் தண்டோடு பிடிக்கும் சுருள்வில் ஒன்று கூடுதலாகக் கொண்டுவாருங்கள், மரக்கட்டையில் மோதினால் அதுதான் முதலில் உடையும்.